பார்க்கவா, முழுகவா, குடிக்கவா? ஐரோப்பாவின் மூன்று வெந்நீர் ஊர்கள்

போன வாரம் அக்கா கூப்பிட்டாள். செப்டம்பரில் குடும்பத்தோடு ஐரோப்பா போகிறார்கள். பாரிஸ், சுவிட்சர்லாந்து, ப்ராக் என்று திட்டம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. "எல்லாம் ஓட்டமாவே இருக்குடி. நடுவுல மூணு நாள் ஒரே ஊர்ல உட்காரணும். அந்தக் காலத்துல ராஜாக்கள் எல்லாம் வெந்நீர் ஊத்து இருக்கிற ஊருக்குப் போய்த் தங்குவாங்களே, அந்த மாதிரி ஒண்ணு சொல்லேன். அத்தைக்கும் முழங்கால் வலி." அவளோடு வருகிறவர்கள் அத்தான், எழுபத்தொரு வயது மாமியார், பதினாலு வயது மகள்.

சட்டென்று ஓர் ஊர்ப் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலைக்காக ஐரோப்பாவில் இருந்த வருடங்களில் இப்படிப்பட்ட ஊர்கள் சிலவற்றுக்குப் போயிருக்கிறேன். எல்லாமே "வெந்நீர் ஊற்று நகரம்" என்ற ஒரே தலைப்பில்தான் வரும். ஆனால் போய் இறங்கினால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. ஓர் ஊரில் அந்தத் தண்ணீரைப் பார்க்கலாம், தொடக் கூடாது. இன்னோர் ஊரில் உடம்பு முழுக்க அதில் ஊறலாம். வேறோர் ஊரில் கோப்பை கோப்பையாகக் குடிக்கலாம். அதனால் அவளிடம் திருப்பிக் கேட்டேன்: "அந்தத் தண்ணியை என்ன பண்ணணும்னு ஆசை உனக்கு?" அவளுக்குப் பதில் தெரியவில்லை. அவளுக்காக உட்கார்ந்து யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவலாம்.

2021-இல் யுனெஸ்கோ, ஐரோப்பாவின் மாபெரும் ஸ்பா நகரங்கள் என்று 11 ஊர்களைச் சேர்த்து ஒரே உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஏழு நாடுகளில் பரவிக் கிடக்கும் ஊர்கள் அவை. இங்கிலாந்தின் பாத், பெல்ஜியத்தின் ஸ்பா, பிரான்சின் விஷி, ஜெர்மனியின் பாடன்-பாடன், பாட் எம்ஸ், பாட் கிஸ்ஸிங்கன், ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்துப் பாடன், இத்தாலியின் மோன்டெகாட்டினி, செக் நாட்டின் கார்லோவி வாரி, மரியான்ஸ்கே லாஸ்னே, ஃப்ரான்டிஷ்கோவி லாஸ்னே. இன்று அழகு நிலையங்கள் வரை பலகையில் எழுதிக்கொள்ளும் "ஸ்பா" என்ற சொல்லே அந்தப் பெல்ஜிய ஊரின் பெயரிலிருந்து வந்ததுதான்.

பதினொன்றையும் அலசினால் முடிவுக்கு வர முடியாது. முதல் தடவை போகிறவர் யோசிக்க வேண்டியவை மூன்றுதான் என்பது என் எண்ணம்: பாத், பாடன்-பாடன், கார்லோவி வாரி. "புடாபெஸ்ட் எங்கே?" என்று சிலர் கேட்பார்கள். 1913-இல் திறந்த செய்செனி குளியலகமும், துருக்கியர் காலத்து ருடாஷ் குளியலகமும் அற்புதமானவைதான். ஆனால் புடாபெஸ்ட் ஹங்கேரியின் தலைநகரம், அங்கே வெந்நீர் பல ஈர்ப்புகளில் ஒன்று. வெந்நீர் ஊர் என்றால் அந்த ஊற்று இல்லாவிட்டால் ஊரே இருந்திருக்காது. அக்கா கேட்டது அப்படியோர் இடத்தைத்தான்.

பாத்: கண்ணால் காண வேண்டிய நீர்

லண்டன் பேடிங்டன் நிலையத்தில் ரயிலேறினால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாத். தேன் நிறக் கல்லால் கட்டிய ஊர். பக்கத்துக் குன்றுகளில் வெட்டியெடுத்த அந்தக் கல்லுக்கே பாத் கல் என்றுதான் பெயர். மாலை வெயில் பட்டால் தெரு முழுக்க வெண்ணெய் பூசியது போல இருக்கும்.

ஊரின் நடுவில் இருக்கும் ஊற்றிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 11 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர் நீர், 46 டிகிரி சூட்டில் பொங்கி வருகிறது. மெண்டிப் குன்றுகளில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பெய்த மழை, சுண்ணாம்புப் பாறை வழியே கிலோமீட்டர் கணக்கில் கீழே இறங்கி, பூமியின் சூட்டில் காய்ந்து, பாறைப் பிளவு வழியே மேலே ஏறி வருகிறது. ரோமானியர்கள் வருவதற்கு முன்பே அந்த மண்ணின் மக்கள் அங்கே சூலிஸ் என்ற பெண் தெய்வத்தை வழிபட்டிருக்கிறார்கள். முதல் நூற்றாண்டில் வந்த ரோமானியர்கள் அவளை விரட்டவில்லை. தங்கள் மினர்வாவோடு சேர்த்து சூலிஸ் மினர்வா என்று ஆக்கிக் கோயில் கட்டினார்கள். ஊருக்கும் அக்வே சூலிஸ், சூலிஸின் நீர்நிலைகள் என்று பெயர். எல்லைக் காவலாக நின்ற அம்மன் காலப்போக்கில் பெரிய தெய்வத்தின் பெயரையும் தாங்கி நிற்பதைக் கண்டு வளர்ந்த நமக்கு இது சொல்லாமலே விளங்கும்.

இந்த அருங்காட்சியகத்தில் என்னை நெடுநேரம் நிற்க வைத்தவை பெரிய சிலைகளோ தூண்களோ அல்ல, கையகல ஈயத் தகடுகள். குளிக்க வந்த இடத்தில் துணியையும் காசையும் பறிகொடுத்தவர்கள், திருடனைத் தண்டிக்கச் சொல்லி தேவிக்கு எழுதி, தகட்டைச் சுருட்டி ஊற்றுக்குள் போட்டிருக்கிறார்கள். சுமார் 130 தகடுகள் கிடைத்துள்ளன. டோசிமெடிஸ் என்பவர் இரண்டு கையுறைகளைத் தொலைத்துவிட்டு, எடுத்தவன் புத்தியும் கண்ணும் போகட்டும் என்று கேட்டிருக்கிறார். ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதனுக்கு வந்த கோபம் இன்னும் சூடாக இருக்கிறது. 1727-இல் தெருவைத் தோண்டியபோது கிடைத்த, பொன்முலாம் பூசிய மினர்வாவின் வெண்கலத் தலையும் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் தெரிந்துகொண்டு போக வேண்டியது ஒன்று உண்டு. ரோமானியரின் அந்தப் பெருங்குளத்தில் இறங்க முடியாது. கை நனைக்கவும் அனுமதியில்லை. மேலே கூரை இல்லாததால் வெயில் பட்டு, பாசி பிடித்து, நீர் பச்சையாகக் கிடக்கிறது. குளத்தின் அடியில் ரோமானியர் விரித்த ஈயத் தகடுகள் இன்றும் இருக்கின்றன. 1970-களின் இறுதிவரை ஊரில் இந்த நீரில் நீந்தினார்கள். 1978-இல் ஒரு சிறுமி, வெதுவெதுப்பான நீரில் வளரும் அமீபா மூளையைத் தாக்கி இறந்த பிறகு எல்லாம் மூடப்பட்டது. புது ஆழ்துளைகள் போட்டு, சுத்தமான நீரை எடுத்து, 2006-இல் தெர்மே பாத் ஸ்பா என்ற நவீனக் குளியலகத்தைத் திறந்தார்கள். அதன் மொட்டைமாடிக் குளத்தில் மிதந்தபடி தேவாலயக் கோபுரத்தைப் பார்ப்பது சுகம்தான். நீச்சலுடையோடு குளிக்கும் இடம், அதனால் கூச்சமும் தேவையில்லை. ஆனால் பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்களை அதன் முக்கியக் குளங்களுக்கு விடுவதில்லை. அக்கா மகளுக்குப் பதினாலு.

பாத்தின் மிச்சம் முழுக்கக் கட்டடக் கலை. தந்தையும் மகனுமான இரண்டு ஜான் வுட்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த ஊருக்கு உருவம் கொடுத்தார்கள். மகன் 1767 முதல் 1774 வரை கட்டிய ராயல் கிரசன்ட், 30 வீடுகள் பிறை வடிவில் ஒட்டி நிற்கும் வரிசை. அதன் முன்னே உள்ள புல்வெளியில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க மனம் வராது. ஜேன் ஆஸ்டின் 1801 முதல் 1806 வரை இங்கே குடியிருந்தார். அவரைப் படித்தவர்கள் அந்த ஒரு காரணத்துக்காகவே இங்கு வரலாம். ஆனால் ராயல் கிரசன்டுக்குப் போகும் தெருக்கள் ஏற்றம். முழங்கால் வலிக்காரர்கள் பேருந்தோ டாக்ஸியோ பிடிப்பது நல்லது.

பாடன்-பாடன்: உடம்பைக் கொடுக்க வேண்டிய நீர்

ஃப்ராங்ஃபர்ட் விமான நிலையத்திலிருந்து தென்பக்கம் ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரப் பயணம். பிளாக் ஃபாரஸ்ட் எனும் கருங்காட்டின் ஓரத்தில், ஓஸ் என்ற சிற்றாற்றின் கரையில் இருக்கிறது ஊர். ரயில் நிலையம் ஊருக்குள் இல்லை, சில கிலோமீட்டர் தள்ளி. அங்கிருந்து நகரப் பேருந்து அடிக்கடி உண்டு.

"பாடன்" என்றாலே குளியல்தான். ஃப்ளோரன்டினர் குன்றின் அடியிலிருந்து கசியும் ஊற்றுகளில் மிகச் சூடானது 68 டிகிரி. ரோமானியர் இங்கும் குளித்தார்கள், பேரரசர் கராகல்லாவின் பெயர் இந்த ஊரோடு ஒட்டிக்கொண்டது அப்படித்தான். அவர்கள் காலத்துக் குளியலறைகளின் இடிபாடுகளுக்கு மேலேயே 1877-இல் ஃப்ரீட்ரிஷ்பாட் என்ற குளியல் மாளிகையை எழுப்பினார்கள். ஐரிஷ்-ரோமானியக் குளியல் என்று இதற்குப் பெயர். ரோமானியரின் வெந்நீர்த் தொட்டிகளோடு, அயர்லாந்து மருத்துவர் ரிச்சர்ட் பார்ட்டர் பரப்பிய உலர்ந்த வெப்பக்காற்றுக் குளியலைச் சேர்த்த முறை.

அங்கே குளிப்பது ஒரு வரிசை முறை. 17 படிகள் என்பது அதன் பழைய கணக்கு. முதலில் ஷவர். பிறகு 54 டிகிரி சூட்டில் ஓர் அறை, அடுத்து 68 டிகிரியில் இன்னோர் அறை. மரப்படுக்கையில் துண்டு விரித்துப் படுத்தால் சுவர் ஓடுகளில் வரைந்த பறவைகளும் பூக்களும் கண்ணுக்குத் தெரியும். அப்புறம் சோப்பும் பிரஷ்ஷும் வைத்து உடம்பைத் தேய்த்து விடுவார்கள். நல்லெண்ணெய்க் குளியலில் அரப்புத் தேய்த்துவிடும் பாட்டியின் கை எனக்கு ஞாபகம் வந்தது. பிறகு நீராவி அறைகள், 36 டிகிரியில் ஊற்றுநீர்த் தொட்டி, 34-இல் ஒன்று, கடைசியாக உயர்ந்த வட்டக் கூரையின் கீழே 28 டிகிரிக் குளம். அதைத் தாண்டி 18 டிகிரி குளிர்நீரில் ஒரு முழுக்கு. போர்வையால் சுற்றி, அரையிருட்டு அறையில் அரை மணி நேரம் படுக்க வைப்பார்கள். அப்போது வந்த உறக்கம் மாதிரி அதற்குப் பிறகு நான் உறங்கியதில்லை.

இத்தனையும் உடையே இல்லாமல்தான். இதைப் பூசி மெழுகாமல் சொல்லிவிடுவது நல்லது. ஃப்ரீட்ரிஷ்பாடில் நீச்சலுடை கிடையாது. சில நாள்களில் ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பக்கம், மற்ற நாள்களில் கலந்து. நான் ஒரு தோழியோடு, பெண்களுக்குத் தனி நாளாகப் பார்த்துப் போனேன். முதல் ஐந்து நிமிடம் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அதன் பிறகு, யாரும் யாரையும் பார்க்கவில்லை என்பது புரிந்தது. அறுபது வயது, எழுபது வயது அம்மாக்கள் தங்கள் வயிற்றையும் தழும்பையும் ஒரு பொருட்டாக நினைக்காமல் நடந்தார்கள். என் உடம்பைப் பற்றி நான் சுமந்து திரிந்த கவலைகள் சில அன்று அங்கேயே கரைந்தன. ஆனால் இது எல்லாருக்குமானதல்ல. குடும்பத்தோடு போகிறவர்கள் இதை வைத்துத் திட்டம் போடவே வேண்டாம்.

அவர்களுக்குப் பக்கத்திலேயே 1985-இல் திறந்த கராகல்லா தெர்மே இருக்கிறது. அதே ஊற்றுநீர், உள்ளேயும் வெளியேயும் பெரிய குளங்கள், நீச்சலுடையோடு. ஏழு வயதைத் தாண்டிய பிள்ளைகள் பெரியவர்களோடு வரலாம். மேல் தளத்து சாவ்னா என்ற வெப்ப அறைகளில் மட்டும் மறுபடி உடையில்லா விதி. படியேறாமல் இருந்தால் போதும். மூட்டு வலிக்காரர்களுக்கு மூன்று ஊர்களிலும் இதுவே சிறந்த இடம் என்று தயங்காமல் சொல்வேன். நோய் தீருமா என்றால் அப்படி வாக்குக் கொடுக்க மாட்டேன். வெதுவெதுப்பான நீரில் உடம்பின் பாரம் குறைந்து, கால் இலேசாக அசையும் அந்த ஒரு மணி நேரம் நிச்சயம்.

குளியலைத் தவிர என்ன இருக்கிறது? ஆற்றோரமாக லிஷ்டென்டாலர் ஆல்லே என்ற இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் மரநிழல் நடைபாதை. ஏற்ற இறக்கமே இல்லாதது. குர்ஹவுஸ் மாளிகையில் சூதாட்டக் கூடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெனாசே குடும்பம் அதை நடத்தி, கிடைத்த லாபத்தில் ஊரையே அலங்கரித்தது. 1867-இல் தஸ்தயேவ்ஸ்கி தன் இளம் மனைவியோடு இங்கே தங்கி, கையிலிருந்ததையெல்லாம் ரூலெட் மேசையில் தோற்று, அவளுடைய நகைகளை அடகு வைத்தார். ரஷ்ய எழுத்தாளர் துர்கனேவ் இங்கே வீடு கட்டி வாழ்ந்தார், இசையமைப்பாளர் பிராம்ஸ் பல கோடைகளை இங்கே கழித்தார். குடிநீர் மண்டபமான ட்ரிங்க்ஹாலேயின் நீண்ட தூண் வரிசையில் உள்ளூர்க் கதைகளைச் சொல்லும் 14 சுவரோவியங்கள் உண்டு. இப்போது மக்கள் அங்கே போவது அந்த ஓவியங்களுக்காகத்தான், குடிப்பதற்காக அல்ல.

என் குறை ஒன்றுதான். ஊர் பணக்காரத்தனமாக, கொஞ்சம் அடக்கி வாசிக்கும் ஊர். கடைவீதி வைரமும் கைக்கடிகாரமுமாக மின்னும். குளியலகத்துக்குப் போகாத நேரத்தில் பதினாலு வயதுப் பெண்ணுக்கு என்ன செய்வதென்று தெரியாது. மெர்குர் மலைமேல் ஏறும் இழுவை ரயில் ஒன்று அவளைக் காப்பாற்றலாம்.

கார்லோவி வாரி: கையில் கோப்பையோடு

ப்ராகிலிருந்து மேற்கே சுமார் 130 கிலோமீட்டர். பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். ரயிலும் உண்டு, ஆனால் சுற்றிக்கொண்டு போகும், பேருந்தே மேல். டெப்லா என்ற சிற்றாறு ஒரு குறுகிய பள்ளத்தாக்கில் வளைந்து ஓட, இரு கரையிலும் இளமஞ்சள், ரோஜா, இளநீல நிறத்தில் மாளிகைகள். அவற்றுக்கு நடுவே தூண் மண்டபங்கள். மண்டபங்களில் ஊற்றுகள்.

பேரரசர் நான்காம் சார்லஸ் காட்டில் மானைத் துரத்தியபோது வேட்டை நாய் ஒன்று கொதிக்கும் சுனையில் விழுந்து அலறியது, அப்படித்தான் ஊற்றைக் கண்டுபிடித்தார்கள் என்பது ஊர்க்கதை. வரலாறாக நிற்பது, 1370-இல் அவர் இந்த ஊருக்கு நகர உரிமை கொடுத்தார் என்பது. கார்லோவி வாரி என்றாலே சார்லஸின் கொதிநீர் என்று பொருள்.

நடுநாயகமான ஊற்று வ்ரீட்லோ. நிமிடத்துக்குச் சுமார் 2000 லிட்டர், 73 டிகிரி சூடு, பன்னிரண்டு மீட்டர் உயரம் வரை பீய்ச்சி அடிக்கிறது. 1975-இல் கட்டிய கண்ணாடி மண்டபத்துக்குள் அது எழும்புவதைப் பார்க்கும்போது, பூமி மூச்சு விடுகிறது என்றே தோன்றும். இந்த நீரில் கரைந்திருக்கும் தாதுக்கள் எதன்மேல் பட்டாலும் கல்லாகப் படியும். காகிதத்தில் செய்த ரோஜாப்பூவை ஊற்றுநீரில் வைத்துச் செம்பழுப்புக் கல்ரோஜாவாக்கி விற்பார்கள். அக்கா மகளுக்கு நான் இதைச் சொன்னவுடன் "சித்தி, எனக்கு அது வேணும்" என்றாள்.

இந்த ஊர் ஏன் குடிக்கும் ஊரானது என்பதில் ஒரு கதை இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டு வரை இங்கும் குளியல்தான், அதுவும் நாளுக்குப் பத்து மணி நேரம் வரை. தோல் வெடித்துப் புண்ணாகும் வரை ஊற வைத்தால் நோய் அந்த வழியாக வெளியேறும் என்று நம்பினார்கள். 1522-இல் வென்செல் பாயர் என்ற மருத்துவர், குளிப்பதோடு நிற்காமல் குடிக்கவும் வேண்டும் என்று எழுதினார். பதினெட்டாம் நூற்றாண்டில் டேவிட் பெக்கர் என்ற மருத்துவர், அளவாகக் குடி, குடித்தபடி நட என்று முறைப்படுத்தினார். நடக்க வேண்டும் என்றால் மழையிலும் நடக்க இடம் வேண்டுமே? அதனால் எழுந்தவைதான் இந்தத் தூண் மண்டபங்கள். 1881-இல் முடித்த ஆலை மண்டபத்தில் 124 தூண்கள், ஐந்து ஊற்றுகள். ப்ராகின் தேசிய நாடக அரங்கை வடிவமைத்த யோசெஃப் ஸீடெக்கின் வேலை. கொஞ்சம் தள்ளி, வெள்ளை மரத்தில் சரிகை பின்னியது போன்ற சந்தை மண்டபம். மருந்துச் சீட்டு ஓர் ஊரின் கட்டடக் கலையை உண்டாக்கியிருக்கிறது என்பதை நான் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் கண்டதில்லை.

குடிப்பதற்கென்றே ஒரு கோப்பை உண்டு. தட்டையான பீங்கான் குவளை, கைப்பிடியே உறிஞ்சுகுழல். சூடு ஆற ஆற, நடந்தபடியே கைப்பிடி வழியாக உறிஞ்ச வேண்டும். பல்லில் கறை படியாமல் இருக்கவும் அதுதான் வழி என்பார்கள். என் அம்மாவை ஒரு தடவை அழைத்துப் போயிருந்தேன். முதல் வாய் குடித்துவிட்டு, "என்னடி இது, ஆறிப்போன ரசத்துல இரும்பைப் போட்ட மாதிரி இருக்கு" என்றாள். ஆனாலும் விடவில்லை. அடுத்த ஊற்று, அதற்கடுத்தது என்று ஒவ்வொன்றின் சூட்டையும் உப்பையும் ஒப்பிட்டுக்கொண்டே ஆற்றங்கரை முழுக்க நடந்தாள். வீட்டில் பத்து நிமிடம் நடக்க மாட்டேன் என்று சொல்கிறவள். ஓரோர் ஊற்றும் வேறு சூடு: பூங்கா மண்டபத்துப் பாம்பு ஊற்று சுமார் 30 டிகிரிதான், வாயு நிறைந்து கூசும்; மற்றவை அதற்கும் வ்ரீட்லோவுக்கும் இடையே. எல்லாம் இலவசம்.

எச்சரிக்கை ஒன்று. இது வேடிக்கைத் தண்ணீர் அல்ல. சோடியமும் சல்பேட்டும் மிகுந்த நீர், வயிற்றை இளக்கும். ஆறிய ஊற்றுகளின் நீருக்கு அந்தக் குணம் கூடுதல். ஓரிரு வாய் சுவைப்பதில் பயமில்லை. ஆனால் ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் கிளம்பும் முன்பே தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். முறையான சிகிச்சை என்பது உள்ளூர் மருத்துவர் எந்த ஊற்று, எத்தனை கோப்பை, எப்போது என்று எழுதிக் கொடுத்து வாரக்கணக்கில் நடப்பது. ஜெர்மன் கவிஞர் கதே பதின்மூன்று தடவை வந்தார், ரஷ்யாவின் பீட்டர் பேரரசர் வந்தார், ஈரல் கோளாறுக்காகக் கார்ல் மார்க்ஸ் 1874, 1875, 1876 என்று மூன்று வருடம் தொடர்ந்து வந்தார். அவர்கள் வந்தது சிகிச்சைக்கு, நாம் போவது மூன்று நாளுக்கு.

கார்லோவி வாரியின் பலவீனம் குளியல். வெளியூர்க்காரர் சட்டென்று இறங்கி ஊறுவதற்குக் கராகல்லா மாதிரி ஓர் இடத்தை எதிர்பார்க்கக் கூடாது. 1906-இல் கட்டிய எலிசபெத் குளியலகத்தில் பொதுக் குளம் உண்டு. தங்கும் விடுதிகள் பலவற்றில் சிறு குளமும் தொட்டிக் குளியலும் கிடைக்கும். அறை எடுக்கும்போதே இதைக் கேட்டு எடுப்பது புத்திசாலித்தனம். 1895-இல் எழுப்பிய பேரரசர் குளியல் மாளிகை புதுப்பிக்கப்பட்டு 2023-இல் திறந்தது, ஆனால் அது இப்போது பார்ப்பதற்கும் கச்சேரி கேட்பதற்கும்தான்.

நாக்குக்கு மட்டும் குறையில்லை. வட்டமாக, அப்பளம் போல மெல்லிய ஸ்பா வேஃபரைக் கடையிலேயே சூடாக்கித் தருவார்கள், உள்ளே கொட்டைப் பொடியும் சர்க்கரையும். இரும்பு ருசிக்கு மேல் அதைக் கடித்தால் உயிர் வரும். 1807 முதல் இங்கே வடிக்கும் பெக்கரோவ்கா என்ற மூலிகை மதுவை ஊர்க்காரர்கள் பதின்மூன்றாவது ஊற்று என்று அழைப்பார்கள்.

எந்த ஊர், யாருக்கு?

முதலில் விசா. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குப் பாடன்-பாடனும் கார்லோவி வாரியும் ஒரே ஷெங்கன் விசாவில் அடங்கும். பாத்துக்குப் பிரிட்டன் விசா தனி. அக்கா குடும்பம் நான்கு பேர். ஓர் ஊருக்காக நான்கு விசா எடுப்பது நியாயமில்லை. லண்டனிலோ லெஸ்டரிலோ உறவினர் வீட்டுக்குப் போகிறவர்களுக்குக் கணக்கே வேறு. அவர்கள் பாத்தை விடவே கூடாது. ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்றாலும் ஓர் இரவாவது தங்குங்கள். பகல் கூட்டம் ரயிலேறிப் போன பிறகுதான் அந்தக் கல் தெருக்கள் தங்கள் அமைதிக்குத் திரும்பும். ரோமானியக் குளியலகத்துக்கு நேரம் குறித்து முன்பே சீட்டு எடுத்துவிடுங்கள்.

தம்பதியாக மட்டும் போகிறவர்கள், தோழிகளாகப் போகிறவர்கள், உடம்பு அலுத்து ஓய்வையே தேடுகிறவர்களுக்குப் பாடன்-பாடன். இரண்டு இரவு போதும். ஆகஸ்ட் இறுதி, செப்டம்பர் தொடக்கத்தில் போவதானால், பக்கத்து இஃபெட்ஸ்ஹைமில் 1858 முதல் நடந்துவரும் குதிரைப் பந்தய வாரத்தின் தேதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போது அறை கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும்.

மூன்று தலைமுறை ஒன்றாகப் போகிறதென்றால், என் கை நீள்வது கார்லோவி வாரியை நோக்கித்தான். காரணம் எளிது. அங்கே குளிக்க வருபவர், வராதவர் என்று குடும்பம் பிரிய வேண்டியதில்லை. நுழைவுச் சீட்டு இல்லை, வயது வரம்பு இல்லை, உடை பற்றிய சங்கடம் இல்லை. பாட்டி, பேத்தி இரண்டு பேரும் ஆளுக்கொரு கோப்பையோடு ஒரே வேகத்தில் நடக்கலாம். ஆற்றோரப் பாதை சமதளம், பத்தடிக்கொரு பெஞ்சு. உயரே ஏற வேண்டுமானால் 1912 முதல் ஓடும் இழுவை ரயில் டயானா கோபுரத்துக்குக் கொண்டுபோய் விடும். செலவும் மூன்று ஊர்களில் இங்கே குறைவு. ஜூலையில் மட்டும் வேண்டாம். 1946-இல் தொடங்கிய திரைப்பட விழா அப்போதுதான், ஊர் நிரம்பி வழியும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை சைவர்களுக்குப் பாத்தில் கவலையே இல்லை. பாடன் பகுதியில், முட்டை ஆகும் என்றால், பாலாடைக் கட்டி சேர்த்த ஷ்பெட்ஸ்லே என்ற நூடுல்ஸ், வசந்த காலமானால் வெள்ளை அஸ்பாரகஸ். செக் நாட்டில் வறுத்த பாலாடைக் கட்டியும், பழம் பொதிந்த கொழுக்கட்டை மாதிரி ஒன்றும் கைகொடுக்கும். மூன்று நாளைக்கு அது தாங்கும். அத்தைக்காக அறையில் சமையல் மூலை உள்ள விடுதியாகப் பார்த்துவிட்டால் ஒரு வேளை ரசம் சாதமும் ஆயிற்று.

அக்காவுக்கு நான் சொன்ன திட்டம் இது. ப்ராகிலிருந்து காலைப் பேருந்து, கார்லோவி வாரியில் மூன்று இரவு, குளம் உள்ள விடுதி. முதல் நாள் ஆற்றங்கரை மட்டும். இரண்டாம் நாள் காலை வ்ரீட்லோ, மாலை டயானா கோபுரம். நடுவில் அத்தைக்குத் தொட்டிக் குளியல். மூன்றாம் நாள் மலைக்காடுகளுக்கு ஊடே போகும் சின்ன ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் மரியான்ஸ்கே லாஸ்னே. அங்கே ஊற்றுகள் குளிர்ந்தவை, ஊர் முழுக்கப் பூங்கா. எழுபது வயது தாண்டிய கதே பத்தொன்பது வயது உல்ரிக்கேயிடம் மனதைப் பறிகொடுத்த ஊர் அது. மறுக்கப்பட்டு, வீடு திரும்பும் வழியில் வண்டியிலேயே அந்த வேதனையைக் கவிதையாக எழுதினார். 1889-இல் கட்டிய இரும்புத் தூண் மண்டபத்தின் முன்னால் இசைக்கேற்ப ஆடும் நீரூற்று இருக்கிறது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. அதைப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா, "அந்தக் கோப்பையை இங்கேயே வாங்கிட்டுப் போகணுமாடி?" என்றாள். வேண்டாம், மண்டபத்துப் பக்கத்துக் கடைகளிலேயே நூறு தினுசு இருக்கும் என்றேன். பின்னாலிருந்து அவள் மாமியாரின் குரல் கேட்டது: "எனக்குப் பூப்போட்டது வேணும்னு சொல்லு."